மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது, சிபாப் இல்லாமல் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு வயது 43, எடை 121 கிலோ. எடைக் குறைப்பு ஆபரேஷனுக்காகப் போனபோது தூக்கப் பரிசோதனை எடுத்தார்கள். மணிக்கு 46 தடவை மூச்சு தடைப்படுகிறது, ஸ்லீப் ஆப்னியா என்றார்கள். ஒரு மாதமாவது சிபாப் மெஷின் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும் கருவி) போட்டுத் தூங்கினால்தான் தேதி தருவேன் என்கிறார் சர்ஜன். வாடகைக்கு எடுத்து வந்தோம். மாஸ்க்கை வைத்ததும் மூச்சு முட்டுகிறது, நடுராத்திரியில் என்னை அறியாமல் கழற்றிப் போட்டுவிடுகிறேன், காலையில் வாய் வறண்டு வயிறு உப்பிக் கிடக்கிறது. யானைத் தும்பிக்கை என்று என் மகன் சிரிக்கிறான். என் கணவரோ, “மெஷினை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கு, மெஷினில் இருக்கும் பதிவு கார்டில் மணிக்கணக்கு ஏறிவிடும்” என்கிறார். ஆபரேஷன் ஆனால் எடை குறையத்தானே போகிறது, இது இல்லாமலே செய்துகொள்ள முடியாதா? இந்தக் காற்று வயிற்றில் போட்ட தையலைப் பிரித்துவிடாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கணவர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது அதுதான். தயவுசெய்து செய்துவிடாதீர்கள். இப்போது வரும் மெஷின்கள் நீங்கள் மூச்சு இழுப்பதையும் விடுவதையும் பதிவு செய்கின்றன, மாஸ்க் சும்மா கட்டிலில் கிடந்து காற்றைக் கொட்டினால் பெரிய கசிவு என்று கார்டே காட்டிக்கொடுத்துவிடும். சரி, யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கார்டைப் பார்க்கும் மயக்க மருந்து டாக்டர், இவர் ஒரு மாதம் ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தவர் என்று நம்பித்தான் மருந்தின் அளவையும், ஆபரேஷனுக்குப் பிறகு உங்களை எங்கே வைத்துப் பார்ப்பது என்பதையும் முடிவு செய்வார். அந்தக் கணக்கு தப்பாகப் போனால் படப்போவது நீங்கள்தான்.

மணிக்கு 46 என்பது சின்ன எண் இல்லை, 30-ஐத் தொட்டாலே தீவிரம் என்கிறோம். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சு போகும் வழி மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்கிறது, அல்லது வெகுவாகக் குறைந்துபோகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது, மூளை பதறி உங்களை அரைகுறையாக எழுப்புகிறது, குறட்டையோடு ஒரு பெருமூச்சு வந்து மறுபடியும் தூக்கம். இத்தனை வருடமாக உங்களைக் காப்பாற்றி வந்தது அந்த எழுப்பல்தான். மயக்க மருந்தும், ஆபரேஷனுக்குப் பின் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகளும் அதையே மங்கச் செய்துவிடும், தொண்டைச் சதையை இன்னும் தளர்த்திவிடும், போதாததற்கு மல்லாந்து வேறு படுத்திருப்பீர்கள். மூக்கில் ஆக்ஸிஜன் வைப்பார்களே என்று கேட்கலாம். ஆக்ஸிஜன் மூடிய தொண்டையைத் திறக்காது. மூச்சு நின்றிருக்கும்போதும் விரலில் மாட்டிய கருவி கொஞ்ச நேரம் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும், அதனால் பிரச்சினை தாமதமாகத்தான் தெரியவரும். முதல் ராத்திரி நன்றாகப் போய்விட்டது என்று அசரவும் முடியாது. ஆபரேஷன் நாளில் குறைந்துபோன கனவுத் தூக்கம் இரண்டாம், மூன்றாம் இரவில் சேர்த்துவைத்துத் திரும்பும், மூச்சு அதிகம் தடைப்படுவது பலருக்கு அந்தத் தூக்கத்தில்தான்.

அந்த ராத்திரிகளில் உங்களுக்கு இந்த மாஸ்க் தேவைப்படும். வயிற்றில் வலி, கையில் டிரிப்ஸ், பழக்கமில்லாத கட்டில். அங்கே வைத்து முதல்முறையாக மாஸ்க் பழக யாராலும் முடியாது, அதனால்தான் உங்கள் சர்ஜன் இப்போதே பழகச் சொல்கிறார். அவர் பிடிவாதம் பிடிப்பது எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது. எடை குறைவதோ ஆபரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்கில் நடக்கிற விஷயம், ஆபத்து முதல் சில ராத்திரிகளில். அதோடு, ஒழுங்காகப் போட்டுத் தூங்கினால் இந்த ஒரு மாதத்திலேயே தொண்டை வீக்கம் வடியும், ரத்த அழுத்தம் ஓரளவு கட்டுக்குள் வரும், பகல் அசதி குறைந்து நடக்கத் தெம்பு வரும்.

தையல் பிரிந்துவிடும் என்ற பயம் நியாயமானது, நிறைய பேர் கேட்கிறார்கள். மெஷினில் 10 என்று வைத்திருந்தால் 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம், அவ்வளவுதான். உச்சமே 20. உணவுக்குழாயின் மேல் வாயும் கீழ் வாயும் பெரும்பாலான நேரம் மூடியே இருப்பதால் காற்று நுரையீரல் பக்கமே போகும். இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ், உணவு போகும் வழியை மாற்றும் பைபாஸ் என்ற எடைக் குறைப்பு ஆபரேஷன்களுக்குப் பிறகு சிபாப் போட்டவர்களுக்குத் தையல் கசிவு கூடுதலாக வரவில்லை என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் காலையில் வயிறு உப்புகிறது என்கிறீர்களே, அதை ஆபரேஷனுக்கு முன்பே சரிசெய்தாக வேண்டும். நீங்கள் காற்றை விழுங்குகிறீர்கள், அழுத்தம் உங்களுக்குக் கூடுதலாக இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் குறைப்பார், அல்லது மூச்சுக்கு மூச்சு தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ முறைக்கு மாற்றுவார். நீங்களாக மாற்றாதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிட்டு, தலைப்பக்கம் உயர்த்தி, இடது பக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள்.

இனி மூச்சு முட்டுவது. மூச்சு முட்டாமல் இருக்கக் கண்டுபிடித்த மெஷின் மூச்சு முட்ட வைப்பது கொடுமைதான். ராத்திரி பத்து மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், விளக்கை அணைத்துவிட்டு மாஸ்க்கோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பகலில் ஆரம்பியுங்கள். சீரியல் பார்க்கும்போது மாஸ்க்கை மட்டும் கையால் மூக்கில் வைத்துப் பிடியுங்கள், பட்டை வேண்டாம், குழாய் வேண்டாம். அது பழகியதும் குழாயை மாட்டி மெஷினை ஓடவிட்டு உட்கார்ந்தபடி மூச்சு விடுங்கள், மனசு படபடத்தால் உடனே எடுத்துவிடுங்கள், உங்களால் எந்த நிமிடமும் எடுக்க முடியும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டாலே பாதிப் பயம் போய்விடும். அப்புறம் மதியத் தூக்கத்துக்குப் போடுங்கள். பிறகுதான் ராத்திரி. ராம்ப் என்று ஒரு வசதி இருக்கிறது, அழுத்தத்தை 4-ல் தொடங்கி நீங்கள் தூங்கத் தூங்க மெல்ல ஏற்றும். மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைத் தணிக்கும் வசதியும் பல மெஷின்களில் உண்டு. இரண்டும் உங்கள் மெஷினில் போடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள், வாடகைக்குத் தருபவர்கள் பல நேரம் இதைச் சொல்வதே இல்லை.

வாய் வறள்வது பெரும்பாலும் வாய் வழியாகக் காற்று கசிவதைத்தான் காட்டுகிறது. மூக்குக்கு மட்டும் போடும் மாஸ்க்காக இருந்தால் வாய் திறந்து காற்று அந்த வழியாக ஓடிவிடும், உங்களுக்கு மூக்கு அடைப்பு இருக்கிறதா என்று முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். அடைப்பைச் சரிசெய்த பிறகும் வாய் திறந்தால் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் வேண்டும். அளவு பார்க்கும்போது கடையில் நின்றுகொண்டு பார்க்காதீர்கள், படுத்து, காற்று ஓடும்போது பார்க்க வேண்டும். படுத்தால் கன்னச் சதை நகர்ந்து மாஸ்க் உட்காரும் இடமே மாறிவிடும். கசிகிறதே என்று பட்டையை இறுக்கினால் மெத்தென்ற ரப்பர் மடங்கி இன்னும் கசியும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும். படுக்கும் முன் முகத்தில் எண்ணெய், கிரீம் வேண்டாம், வழுக்கும். தினமும் காலையில் அந்த ரப்பரை மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். ஈரப்பதத் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், சளிக்கு நல்லது என்று தைலம், யூகலிப்டஸ் எண்ணெய் எதையும் அதில் விடக் கூடாது, அது நேரே நுரையீரலுக்குப் போகும். ஏசி அறையில் குழாய்க்குள் தண்ணீர் கோத்துக் களக் களக் என்று சத்தம் வந்தால் மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்து, குழாயை ஒரு துணியால் சுற்றிவிடுங்கள்.

நடுராத்திரியில் கழற்றிவிடுவது தோல்வி இல்லை. முழிப்பு வந்தவுடன் மறுபடி மாட்டுங்கள், மணிக்கணக்கு தானாகக் கூடும். குறைந்தது 4 மணி நேரம், பத்து ராத்திரியில் ஏழு ராத்திரி, இதுதான் பொதுவாக எதிர்பார்க்கும் அளவு. தூங்கும் நேரம் முழுக்கப் போட்டால் உத்தமம். காலையில் திரையில் மணிக்கு எத்தனை தடவை என்று வரும், 46 என்பது 5-க்குக் கீழே வந்திருப்பதைப் பார்த்தால் உங்கள் கணவரே மாஸ்க்கை எடுத்துத் தருவார். உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இதைச் செய்துகாட்டும் வரை, அம்மா மாதிரி தீவிரமாக இருப்பவர்களுக்குக் கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சு விட வைப்பதுதான் சிகிச்சை.

வாடகைக்கு எடுத்தது சரியான முடிவு, ஆபரேஷனுக்குப் பிறகு அழுத்தம் மாறும். மாஸ்க் மட்டும் சொந்தமாக வாங்குங்கள், முகம் மெலியும்போது அதற்கும் வேறு அளவு தேவைப்படும். எடை இறங்கியதும் குறட்டை நின்றுவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மறுபடி தூக்கப் பரிசோதனை எடுத்துப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும், சிலருக்குத் தொடர வேண்டியும் வரும். பரிசோதனை அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 35-க்கு மேல், 40-க்குக் கீழ் என்றால், தீவிர ஸ்லீப் ஆப்னியா இருப்பது இன்ஷூரன்ஸ் கிடைப்பதற்கான காரணங்களில் ஒன்று. ஆபரேஷனுக்குப் போகும்போது மெஷின், மாஸ்க், மின்கம்பி, அழுத்தம் எழுதிய சீட்டு நான்கையும் பெயர் ஒட்டி எடுத்துப் போங்கள், கண் விழித்ததும் மாட்டிவிடச் சொல்லி மயக்க மருந்து டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள். நாளை காலை முதல் வேலையாக வாடகைக் கடைக்குப் போன் செய்து, வேறு இரண்டு அளவு மாஸ்க்கோடு ஆளை வீட்டுக்கே அனுப்பச் சொல்லுங்கள்.