தாவீதின் பிள்ளையும் என் பிள்ளையும்

அன்புள்ள அம்மா,

எட்டாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. ஐந்து மாதம் ஆகிறது. என்ன காரணம் என்று டாக்டர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆறுதல் சொல்ல வந்த ஜெபக்குழு ஆன்ட்டி ஒருவர், "தாவீது பாவம் செய்தான், பிள்ளை போயிற்று. நீயும் யோசித்துப் பார்" என்றார். பெற்றோர் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டவள் நான். அதற்குத்தான் இந்தத் தண்டனையா? வாரம் மூன்று நாள் உபவாசம் இருந்து மன்னிப்புக் கேட்கிறேன். தூக்கமே இல்லை. கணவரிடம் சொல்லப் பயம். "என்னைக் கட்டியதுதான் பாவமா?" என்று அவர் கேட்டுவிட்டால்?

பதில்:

சகோதரி, முதலில் உபவாசத்தை நிறுத்துங்கள். பிரசவித்த உடம்பு அது. கையில் குழந்தை இல்லாததால் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள், நீங்கள் உட்பட.

தாவீதின் கதை வேதத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே நாத்தான் தீர்க்கதரிசியே நேரில் வந்து காரணத்தைச் சொல்கிறார். அதுவும், இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைப் போரில் சாகவைத்த ராஜாவிடம். உங்களிடம் எந்த நாத்தான் வந்தார்? உங்கள் கல்யாணத்தை அதோடு சேர்த்துப் பேசியது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்து, "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்றும் சொன்னார். பிள்ளைகளை எல்லாம் இழந்த யோபின் நண்பர்களைப் பாருங்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. உன் பாவம்தான் காரணம் என்று பேச ஆரம்பித்த பிறகுதான் கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள்.

"கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனைச் சிட்சிக்கிறார்" (கண்டித்துத் திருத்துகிறார்) என்ற வசனத்தையும் யாராவது கொண்டுவருவார்கள். அது விசுவாசத்துக்காகப் பாடுபட்டவர்களைத் திடப்படுத்த எழுதியது, துக்க வீட்டில் குற்றம் தேட அல்ல.

சரி, மனதின் பக்கம் வருவோம். காரணம் தெரியாத இழப்பைத் தாங்குவது கஷ்டம். "என்னால்தான்" என்று சொல்லிக்கொண்டால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கிறது. மன்னிப்புக் கேட்பதிலேயே உங்கள் ஜெபம் தீர்ந்துபோகிறது. அழுவதற்கு இடமே இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும்?" என்று 13ஆம் சங்கீதம் கேட்பதுபோல நீங்களும் கேட்கலாம், கோபமாகக்கூட.

தூக்கமின்மைக்கு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்று ஒரு தடவை தோன்றினாலும் அன்றே போங்கள். கணவரிடம் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். அவரும் பிள்ளையை இழந்தவர்தான்.

அப்புறம் ஒன்று. ஆணா பெண்ணா, பேர் ஏதும் நினைத்து வைத்திருந்தீர்களா, எதையும் நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.