கழுத்தில் நெறி கட்டினால் டிபியா?
மருத்துவக் கேள்வி – பதில்

? என் மகனுக்கு ஏழு வயது. டான்சில் வந்து போய் ஒரு மாதம் ஆகியும் கழுத்தின் இரண்டு பக்கமும் பட்டாணி அளவில் உருண்டைகள் கையில் தட்டுப்படுகின்றன. டிபியாக இருக்கும் என்று பக்கத்து வீட்டில் கிளப்பிவிட்டார்கள். — வாசகி, முலுண்ட்

பெரும்பாலும் இல்லை. திசுக்களில் கசியும் நீர் (நிணநீர்) ரத்தத்துக்குத் திரும்பும் வழியில் அதை வடிகட்டும் சிறு முடிச்சுகள்தான் நிணநீர்க் கணுக்கள். பெரியவர் உடம்பில் சுமார் 500 முதல் 600 உண்டு. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் அவை தோலுக்கு அருகே இருப்பதால் விரலுக்குத் தட்டுப்படும். ஒரு கணுவுக்குள் பல நாளங்கள் நுழையும், வெளியேறுபவை ஒன்றிரண்டுதான். அதனால் நிணநீர் அங்கே வேகம் குறைந்து ஊர்கிறது. அதிலுள்ள கிருமியை அடையாளம் கண்ட வெள்ளணுக்கள் அங்கேயே பெருக ஆரம்பிக்கும். நெறி கட்டுவது இதனால்தான். தொண்டைப் புண் ஆறினாலும் கணு சுருங்கச் சில வாரங்கள் பிடிக்கும். தினமும் அழுத்திப் பார்க்காதீர்கள்.

1 செ.மீ.க்குள், மெத்தென்று, விரலுக்கு வழுக்கி நகர்ந்தால் பொறுத்திருக்கலாம். கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே வந்தால் எந்த அளவானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். 2 செ.மீ.யைத் தாண்டினாலோ, கல் போலவோ ரப்பர் போலவோ கெட்டியாக இருந்தாலோ, நான்கு வாரத்துக்குப் பிறகும் வளர்ந்தாலோ, மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தாலோ அப்போதும் காட்டுங்கள். டிபி கட்டிகள் பெரும்பாலும் வலிக்காது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஊசியால் உறிஞ்சியெடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதோடு டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு முன்பே கடையில் கேட்டு லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்துவிட்டால், டிபி இருந்தாலும் அரைகுறையாக அடங்கி, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

? வயது 52. தாராவியில் இட்லி வியாபாரம். விடியற்காலை மூன்று மணியிலிருந்து நின்றபடியே வேலை. இடது கால் மட்டும் ஒரு வருடமாக வீங்கியிருக்கிறது. மருந்துக் கடையில் தந்த நீர் மாத்திரையில் நாலு நாள் வற்றியது, பிறகு பழைய கதைதான். மழைக்காலத்தில் குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து எரிகிறது. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். யானைக்காலாக இருக்குமோ? — வாசகர், தாராவி

இருக்கலாம். ஆனால் முதலில் மாத்திரையைப் பற்றி. ரத்தத் தந்துகிகளிலிருந்து (மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள்) நீரும் கொஞ்சம் புரதமும் ஓயாமல் திசுக்களுக்குள் கசிகின்றன. கசிந்த புரதம் ரத்தக் குழாய்க்குள் நேராகத் திரும்ப முடியாது. நிணநீர் நாளம் ஒன்றே வழி. நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர் இப்படித் திரும்புகிறது. நாளத்தின் நுனி மூடியிருக்கும். சுவரிலுள்ள செல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, உள்பக்கம் மட்டும் திறக்கும் கதவுபோல நீரை விடும். காலிலிருந்து புறப்படும் நிணநீர் தொடை இடுக்குக் கணுக்களைக் கடந்து வயிற்றுக்கு வரும். அங்கிருந்து சுமார் 40 செ.மீ. நீளமுள்ள மார்பு நாளம் வழியாக ஏறி, கழுத்தின் இடது அடியில் சிரையில் (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) கலக்கும். இதைத் தள்ள இதயம் கிடையாது. நாளச் சுவரின் சுருக்கம், கெண்டைக்கால் தசை, மூச்சின் ஏற்ற இறக்கம், பின்னோக்கி விடாத வால்வுகள், இவைதான். அடுப்படியில் அசையாமல் நின்றால் கெண்டைக்கால் சும்மா இருக்கும்.

பாதை அடைபட்டால் புரதம் திசுவிலேயே தங்கிவிடும். நீர் மாத்திரை நீரைத்தான் எடுக்கும். தங்கிய புரதம் மறுபடி நீரை இழுத்துக்கொள்ளும். நாளடைவில் தோல் தடித்துப்போகும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருத்துவர் எழுதியதாக இல்லாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

யானைக்காலுக்குக் காரணமான வுச்சரேரியா புழு, சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு மூலம் வந்து நிணநீர் நாளத்திலேயே பல வருடம் குடியிருக்கும். அது செத்தாலும், விரிந்துபோன நாளமும் கெட்ட வால்வும் பழையபடி ஆவதில்லை. குஞ்சுப்புழு ரத்தத்தில் இரவில்தான் நடமாடும். அதனால் இரவு 10 மணிக்கு மேல் ரத்தம் எடுப்பார்கள். நாள்பட்ட வீக்கத்தில் சோதனை 'இல்லை' என்று வருவதும் உண்டு. ஒரு காலில் மட்டும் வீக்கம் என்பதால் சிரையில் ரத்தக்கட்டு இல்லையென்று டாப்ளர் ஸ்கேனில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்தக் குளிர்காய்ச்சல், விரலிடுக்குப் புண் வழியே புகும் பாக்டீரியாவால் வருவது. ஒவ்வொரு முறையும் இன்னும் சில நாளங்கள் பழுதாகும். அதனால் இதைத் தடுப்பதுதான் முக்கிய வைத்தியம். தினம் இரண்டு வேளை சோப்பும் சாதாரணத் தண்ணீரும் விட்டுக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி, விரலிடுக்கைத் துணி நுழைத்து உலர்த்துங்கள். இடுக்கு வெளுத்து ஊறியிருந்தால் பூஞ்சைக் களிம்பு தடவுங்கள். தெருவில் தேங்கிய தண்ணீரில் செருப்பு போட்டிருந்தாலும் இறங்காதீர்கள். அரை மணிக்கொரு முறை குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்குங்கள். கட்டிலின் கால்மாட்டை அரையடி உயர்த்துங்கள். கால் சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

? மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆகி இரண்டு வருடம். வலது அக்குளில் கணுக்களை எடுத்தார்கள். இப்போது அந்தக் கை வளையல் இறுக்குகிறது. — வாசகி, செம்பூர்

கணுக்களை எடுத்த பக்கம் நிணநீர் வடியும் வழி குறைவதால் கை வீங்கலாம். வளையல் இறுக்குவதை அலட்சியம் செய்ய வேண்டாம். முழங்கை மடிப்புக்கு 10 செ.மீ. மேலும் கீழும் டேப் வைத்து இரண்டு கைகளையும் அளந்து பாருங்கள். 2 செ.மீ. வித்தியாசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாக வீங்கினால் நோய் திரும்பியதா என்றும் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் பிடித்தால், கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையும் பயிற்சியுமே பெரும்பாலும் போதும். உறையை அளவெடுத்து வாங்குங்கள். மேல்விளிம்பு மட்டும் இறுக்கினால் வீக்கம் கூடும். அந்தக் கையால் தேங்காய் துருவலாம், துணி பிழியலாம். கையை முடக்கி வைப்பதுதான் கெடுதல்.

? 'நிணநீர் மசாஜ்' செய்தால் உடம்பின் நச்செல்லாம் போய்விடும் என்று அந்தேரியில் ஒரு பார்லரில் சொல்கிறார்கள். போகலாமா? — வாசகி, மாட்டுங்கா

நச்சை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். இந்த மசாஜ் வீங்கிய கை கால்களுக்கானது. முதலில் கழுத்தடி, பிறகு அக்குள், கடைசியில்தான் கை என்ற வரிசையில், தோல் லேசாக இழுபடும் அளவுக்கு மட்டும் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்வார். வலிக்க வலிக்கப் பிசைந்தால் அது வேறு ஏதோ. இதயச் செயலிழப்பு, சிரையில் ரத்தக்கட்டு, தோலில் தொற்று இருப்பவர்கள் பக்கமே போக வேண்டாம்.