வரிசை முக்கியமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எப்போது எழுதினாலும் பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', ஃபிளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' ஆகிய ஆல்பங்கள் இரண்டையும் சேர்த்தே சொல்கிறீர்கள். போனில் கேட்டுப் பார்த்தேன். முதலாவதில் பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. இரண்டாவதில் 'ட்ரீம்ஸ்' மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், மற்றதெல்லாம் ஒட்டவில்லை. பிடித்த பாட்டை மட்டும் எடுத்து வைத்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேள் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்?

ஒரு கல்லூரி மாணவர், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

எல்லா ஆல்பத்துக்கும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982) இருக்கிறதே, ஒன்பது பாட்டில் ஏழு சிங்கிளாக, அதாவது தனி வெளியீடாக, வந்து ஏழுமே அமெரிக்காவில் முதல் பத்து இடத்துக்குள் போனவை, அதை எப்படிக் கலைத்துப் போட்டுக் கேட்டாலும் ஒன்றும் கெடாது. பிடித்ததை மட்டும் கேட்பது போன் வந்து கொடுத்த பழக்கமும் இல்லை. மதுரையில் ரெக்கார்டிங் சென்டருக்குப் போனவர்கள் எல்லாரும் செய்தது அதுதான். ஒரு துண்டுச் சீட்டில் படத்தின் பெயரும் பாட்டின் முதல் வரியும் எழுதிக் கொடுத்தால், காலி கேசட்டில் பதிந்து, உள்ளே இருக்கும் அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் நம்பர் போட்டு எழுதித் தருவார்கள். சினிமாப் பாட்டுக்கு அது சரி. ஒவ்வொன்றும் ஒரு காட்சிக்காகப் பிறந்தது, தனியாக எடுத்தாலும் முழுசாகவே இருக்கும்.

'டார்க் சைட்' (1973) அப்படி இல்லை. பாட்டு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை என்பதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள், நான் அந்த ஆல்பத்தைக் கொண்டாடுவதே அதற்காகத்தான். 'டைம்' பாட்டின் கடைசியில் வேகம் தணிந்து ஒரு மெட்டு வரும், கவனித்தீர்களா? அது ஆரம்பத்தில் வந்த 'ப்ரீத்' பாட்டின் மெட்டு. 'டைம்' மட்டும் கேட்கிறவருக்கு அது இன்னொரு மெட்டு, அவ்வளவுதான். வரிசையாகக் கேட்டு வந்தவருக்கு வீடு திரும்பின மாதிரி இருக்கும், அந்த வரிகளும் வீடு திரும்புவதைத்தான் சொல்கின்றன.

அதற்கு அப்புறம் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. கிளேர் டோரி என்ற பாடகியை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, வரிகளே கொடுக்காமல் பாடச் சொன்னார்கள். சம்பளம் 30 பவுண்டு. மெட்டு முழுக்க அவர் தொண்டையிலிருந்து அங்கேயே பிறந்தது, ஆனால் இசை என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை. 2004இல் வழக்குப் போட்டார், அடுத்த வருஷம் சமரசமாகி குழுவில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது! இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

எல்பி இசைத்தட்டில் அந்தக் குரல் அடங்கியதும் முதல் பக்கம் முடிந்துவிடும், எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். நாங்கள் கேட்டது 90 நிமிஷ கேசட்டில். ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம், ஆல்பம் ஏறக்குறைய 43. அதனால் நடுவில் மூச்சு விட இடமில்லை. சாவை நினைத்துக் கதறிய குரல் ஓய்ந்த கையோடு சில்லறைக் காசும் கல்லாப்பெட்டியும் சத்தம் போட்டு 'மனி' பாட்டைத் தொடங்கி வைக்கும். கலைத்துப் போட்டுக் கேட்டால் இந்த இடமே உங்களுக்குக் கிடைக்காது. அதே கேசட்டின் மறுபக்கத்தில் 'ரூமர்ஸ்' அடங்கிவிடும், இரண்டையும் நான் சேர்த்தே சொல்வதற்குக் காரணம் அதுதான்.

'ரூமர்ஸ்' (1977) பதிவான சமயம் அந்தக் குழுவுக்குள்ளேயே இரண்டு ஜோடிகள் பிரிந்துகொண்டிருந்தன. முதல் பாட்டு லிண்ட்சி பக்கிங்ஹாம் எழுதியது, அடுத்தே வரும் 'ட்ரீம்ஸ்' அவரைப் பிரிந்த ஸ்டீவி நிக்ஸ் எழுதியது. தனியாகக் கேட்டால் அது சோகமான ஒரு நல்ல பாட்டு, முதல் பாட்டுக்குப் பின்னால் கேட்டால் அது முகத்துக்கு நேராகச் சொன்ன பதில். நிக்ஸைக் குத்தி பக்கிங்ஹாம் எழுதிய 'கோ யுவர் ஓன் வே'யில் நிக்ஸே கூடச் சேர்ந்து பாடுகிறார். 'யூ மேக் லவ்விங் ஃபன்' இன்னும் கொடுமை. கிறிஸ்டின் மெக்வீ தன் புதுக் காதலனை நினைத்து எழுதியது, அதற்கு பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் அவருடைய கணவராக இருந்த ஜான் மெக்வீ. ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், ஒரு இடத்தில்கூட பிசிறு தட்டாது.

போனில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். பாட்டோடு பாட்டைக் கலக்கும் கிராஸ்ஃபேட் என்று ஒன்று இருக்கும், அதையும். திருமங்கலத்தில் பஸ் ஏறி மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவதற்குள் கிட்டத்தட்ட ஒரு ஆல்பம் முடிந்துவிடும்.

'ரூமர்ஸ்' முடிந்த பிறகு 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' என்ற பாட்டைத் தேடிக் கேளுங்கள். நிக்ஸ் எழுதியது. எல்பியில் இடம் பற்றாது என்று அதைத் தூக்கிவிட்டு 'ஐ டோன்ட் வான்ட் டு நோ'வைச் சேர்த்தார்கள், 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' ஒரு சிங்கிளின் பின்பக்கத்துக்குப் போனது. அந்த ஆல்பத்துக்குச் செய்த பெரிய அநியாயம் அது என்பேன். கேட்டுவிட்டு அது எந்தப் பாட்டுக்கு அடுத்து வந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால், 'யூ மேக் லவ்விங் ஃபன்' முடிந்த உடனே.