வியட்நாம்காரப் பாட்டியிடம் பேச என் மகளுக்கு ஒரு மொழி

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இது: மனைவி வியட்நாம்காரர், கணவர் தமிழர், வசிப்பது வெளிநாட்டில். 4 வயது மகளை அம்மாவின் மொழியோடும் ஊரோடும் ஒட்டவைப்பது எப்படி? வருஷம் ஒரு தடவை ஊருக்குக் கூட்டிப்போனால் போதுமா?

எங்கள் வீடும் அதே வீடுதான். மெல்பர்னில் இருக்கிறோம். மனைவிக்குத் தெற்கு வியட்நாமில், மீகாங் ஆற்றுக் கழிமுகத்தில், தென்னந்தோப்புக்குப் பேர்போன பென்ட்ரே பக்கம். மகளுக்கு இப்போது 11 வயது.

கூட்டிப்போனால் மட்டும் போதாது. நாங்கள் முதலில் போனது 2018-இல், அவளுக்கு 4 வயது. 12 நாளில் ஹனோய், ஹாலோங் விரிகுடா, ஹோய் ஆன் என்று ஓடிவிட்டு, கடைசி இரண்டு நாள்தான் மாமியார் வீடு. பாட்டி கையை நீட்டினார். பிள்ளை அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். திரும்பி வந்த பிறகு வியட்நாம் என்றால் அவளுக்கு ஹோட்டல் நீச்சல் குளம் மட்டும்தான் நினைவில் இருந்தது. விமானத்தில் வரும் வழியெல்லாம் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகுதான் ஒன்று புரிந்தது. "கலாசாரம்" என்று பொதுவாக ஒன்றை ஊட்ட முடியாது. ஒரே ஒரு ஆளைக் காட்டி, இவரிடம் பேசத்தான் இந்த மொழி என்று வைத்தால் பிள்ளை பிடித்துக்கொள்கிறது. எங்களுக்கு அந்த ஆள் பாட்டி. ஞாயிறு காலை ஸாலோ செயலியில் வீடியோ அழைப்பு. முதல் ஆறு மாதம் இரண்டு நிமிஷம்கூட நிற்க மாட்டாள். கட்டாயப்படுத்தவில்லை, பாட்டி கோழிக்குத் தீனி போடும் நேரமாகப் பார்த்து அழைத்தோம். கோழியைப் பார்க்க நின்றவள் மெல்ல மெல்லப் பேச நின்றாள்.

உறவுமுறைச் சொற்களில் தொடங்குங்கள். தமிழ் அப்பாவான உங்களுக்கு இதில் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்பாவின் அண்ணன் "பாக்", தம்பி "சூ", அப்பாவின் அக்கா தங்கை "கோ", அம்மாவின் சகோதரன் "கௌ". பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன், அப்படியே உட்கார்ந்துவிடும். ஆங்கிலத்தில் மூன்று பேரையும் "அங்கிள்" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள்; என் மகளுக்கு அந்தக் குழப்பமே வரவில்லை. தெற்கு வியட்நாமில் கூடுதலாக ஒரு அழகு: பிள்ளைகளை வரிசை எண்ணால் கூப்பிடுவார்கள், ஆனால் மூத்தவர் "ஹாய்", அதாவது இரண்டு. என் மனைவி மூன்றாவது பிள்ளை, அதனால் அவள் "நான்கு". கடைக்குட்டிச் சித்தி "யீ ஊட்". அப்படியானால் ஒன்று யார் என்று மகள் ஒரு மாதம் எல்லாரையும் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கேட்பதற்காகவே அவள் எல்லாச் சித்தி மாமாக்களிடமும் பேசிவிட்டாள்!

இன்னொன்று, "நான், நீ" என்று பொதுவாகப் பேச அந்த மொழியில் எளிதில் வழியில்லை. பாட்டியிடம் பேசும்போது அவள் தன்னை "கோன்", பிள்ளை, என்றுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாலே எதிரில் இருப்பவர் தனக்கு என்ன முறை என்று தெரிந்திருக்க வேண்டும். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொந்தக்காரர்கள் அளவுக்குச் சொல்லித்தராது.

உச்சரிப்பில் நம் எழுத்து உதவும். அம்மாவைப் பெற்ற பாட்டி "பா ஙவாய்". நம் அரிச்சுவடியில் இருந்தும் பேச்சில் சொல்லுக்கு முதலில் வராமல் கிடக்கும் ங, அங்கே எங்கு பார்த்தாலும் சொல்லின் தலையில் நிற்கிறது. வீட்டுக்கு "ஞா". மகளுக்குத் தமிழ் எழுத்தும் சொல்லிக்கொடுத்திருந்ததால் நோட்டில் ஙவும் ஞவும் போட்டு எழுதிப் பழகினாள். தொனிதான் பாடுபடுத்தும். வடக்கில் ஆறு, தெற்குப் பேச்சில் இரண்டு கலந்துபோய் ஐந்து. "பா" என்று சமமாகச் சொன்னால் அப்பா, தாழ்த்தினால் பாட்டி, தாழ்த்தி வளைத்தால் "அந்தம்மா" என்று பாட்டியை மூன்றாம் மனுஷியாகச் சொன்னது போல ஆகிவிடும். இதற்குப் பாட்டு மாதிரி காதில் விழுந்துகொண்டே இருப்பது ஒன்றுதான் மருந்து. நானும் கூடவே கற்றேன். அப்பா தப்புத்தப்பாகப் பேசியும் பாட்டி சிரித்த முகமாகப் பதில் சொல்வதைப் பார்த்த பிறகுதான் மகளுக்குக் கூச்சம் போனது.

சனிக்கிழமை வகுப்பும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2021 கணக்கெடுப்பின்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் வியட்நாமிய மொழி பேசுகிறார்கள், அதனால் இங்கே வகுப்புக்குப் பஞ்சமில்லை. எழுதப் படிக்க அது வேண்டும். ஆனால் இரண்டு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். எங்களுக்குக் கிடைத்த ஆசிரியை ஹனோய்க்காரர். வீட்டில் "யீ" என்று கேட்ட சித்தி அங்கே "ஸீ" ஆனாள். மகள் அழுதுகொண்டு வந்தாள், அம்மா தப்பாகச் சொல்லித்தருகிறாள் என்று. இரண்டும் சரிதான், நெல்லைப் பேச்சும் கோவைப் பேச்சும் போல என்று விளக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று.

அடுத்தது கொடி. இங்கே விழாக்களில் பறப்பது மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடுள்ள பழைய தென்வியட்நாம் கொடி. 1975 ஏப்ரல் 30-இல் அதன் தலைநகர் சைகோன் வடக்கின் படையிடம் விழுந்த பின் படகேறி வந்தவர்களுக்கு அது உயிர். பாட்டி ஊரிலோ சிவப்பில் மஞ்சள் நட்சத்திரம். ஒரு விழாவுக்கு மகள் ஆசையாக நட்சத்திரக் கொடி வரைந்து எடுத்துப்போனாள். ஒரு பெரியவர் அதைப் பார்த்ததும் முகம் மாறி எழுந்துபோய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று அன்று இரவே அவளிடம் சொன்னோம், 8 வயதுக்குப் புரியும் அளவில். ஈழத்துக் குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மறைக்காதீர்கள், கொடியும் அவளுக்கு வரும் சொத்தில் ஒரு பங்குதான்.

இப்போது பயணம். 2023-இல் தெத், அவர்களுடைய புத்தாண்டு, ஜனவரி 22-இல் வந்தது. இங்கே பள்ளிக்குக் கோடை விடுமுறை. எல்லா வருஷமும் இப்படி அமையாது, பல வருஷம் பிப்ரவரிக்குப் போய்விடும். ஐந்து வாரம், ஒரே வீடு, எந்தச் சுற்றுலாவும் இல்லை. தெற்கில் தெத்துக்கு மஞ்சள் "மாய்" பூ பூத்தாக வேண்டும். அதற்காகச் சந்திர மாதக் கணக்கில் பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமியை ஒட்டி மரத்தின் இலைகளை ஒன்றுவிடாமல் கையால் உருவிவிடுவார்கள். பாட்டி கீழ்க்கிளை, மகள் முக்காலியில் ஏறி மேல்கிளை. மொட்டு ஒடியாமல் இலைக்காம்பை மட்டும் பின்பக்கமாக இழுக்க வேண்டும். ஒரு காலை முழுக்க அந்த வேலைதான். அன்று அவள் காதில் விழுந்த வியட்நாமிய மொழி ஒரு வருஷத்து வகுப்புக்குச் சமம் என்பேன்.

தெத்துக்கு முதல் நாள் சந்தையிலிருந்து நான் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து முன்னோர் படையலில் வைத்தேன். நம் பழக்கம், வாழைப்பழம் இல்லாமல் என்ன படையல்? மாமியார் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துச் சமையலறையில் வைத்தார். மகள்தான் என்னைத் தனியாக அழைத்துப்போய் விளக்கினாள். வாழை "சுவோய்", தெற்குப் பேச்சில் அது தலைகுப்புறக் கவிழ்வதைக் குறிக்கும் "சூய்" போல ஒலிக்கும், வருஷம் பிறக்கும்போது ஆகாது. வடக்கில் வாழைச்சீப்பு இல்லாமல் தட்டே இல்லையாம். இங்கே வைப்பது சீத்தா, தேங்காய், பப்பாளி, மாம்பழம்: மாங் கௌ, யூவா, டு டூ, ஸ்வாய். வேகமாகச் சொன்னால் "கௌ யூவா டூ ஸாய்". செலவுக்குப் போதுமான அளவு கிடைக்கட்டும் என்று வேண்டுவது. கூடவே ஒரு கொத்து அத்தி, செழிப்புக்கு. இதையெல்லாம் பாட்டி அவளுக்குச் சொன்னபோது நான் பக்கத்தில்கூட இல்லை. அந்தத் தட்டைப் படம் எடுக்க யாராலும் முடியும். படிக்க மொழி வேண்டும், அதுவும் தெற்குப் பேச்சு வேண்டும்.

விசா பற்றியும் சொல்லிவிடுகிறேன். வியட்நாம் வம்சாவளியினருக்கும் அவர்களுடைய கணவன், மனைவி, பிள்ளைகளுக்கும் விசா விலக்குச் சான்று தருகிறார்கள். அதிகபட்சம் 5 ஆண்டு செல்லும், ஒரு தடவை போனால் ஆறு மாதம் வரை இருக்கலாம். திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் எடுத்துக்கொண்டு தூதரகத்தில் கேளுங்கள். நீண்ட நாள் தங்க இது மிக உதவி. 2025 ஜூலையில் மாகாணங்களை இணைத்ததில் பென்ட்ரே வின்லாங்கோடு சேர்ந்துவிட்டது, படிவத்தில் முகவரி எழுதும்போது கவனியுங்கள். பாட்டி என்னவோ இன்னும் பென்ட்ரே என்றுதான் சொல்கிறார்.

கைபேசியில் அந்த எழுத்தைத் தட்டவும் சீக்கிரமே பழக்குங்கள். டெலெக்ஸ் என்ற முறையில் பி, ஏ, எஃப் என்று தட்டினால் எஃப் மறைந்து தொனிக்குறி விழும், பாட்டி ஆகிவிடும். மகள் முதன்முதலில் தானே அனுப்பிய செய்தி, பாட்டி நினைப்பாக இருக்கிறது என்பது. குறி போடத் தெரியாத காலம். "நினைப்பு" என்பதற்கான "ஞெ", குறியில்லாமல் "திராட்சை" ஆகியிருந்தது. பாட்டிக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் அடுத்த ஞாயிறு அழைப்பில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஞெ" என்று குரலை மேலே தூக்கிப் பத்துத் தடவை சொல்லவைத்தார். இப்போது ஓ, டபிள்யூ, எஸ் என்று பார்க்காமலே தட்டுகிறாள்.