பனிமலை வண்டியின் சஸ்பென்ஷன் உளை வயலுக்கு உதவுமா?

கேள்வி: சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டி ஒன்று வைத்து நெல் அறுவடைக்கு வாடகைக்கு ஓட்டுகிறேன். சென்ற சம்பா அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று வயல்களில் வண்டி பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டது. டிராக்டர் கட்டி இழுத்தோம். கனடாவில் இருக்கும் என் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். மலைச்சரிவில் இடுப்பளவு பனியில் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டி புதையாமல் ஏறுகிறது. பின் சஸ்பென்ஷனில் இரண்டு தண்டவாளத்துக்குப் பதிலாக ஒன்றே ஒன்று வைத்த புதிய அமைப்பாம். இங்கே ஒரு லேத் பட்டறையில் காட்டினேன். அதேபோல் ஷாக் அப்சார்பருடன் செய்து பெல்ட்டுக்குள் பொருத்த ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார். செய்யலாமா? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: செய்ய வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே பேசித் திரும்ப வாங்கிவிடுங்கள். ஆனால் அந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள். இன்னொரு முறை ஓடவிட்டு, பெல்ட்டின் முன் முனையை மட்டும் கவனியுங்கள். உங்கள் வண்டி பின்பக்கமாக உட்கார்ந்ததற்கான காரணம் அதில் தெரியும்.

முதலில் அந்த வண்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் அகலமான ஒற்றை ரப்பர் பெல்ட். அந்தப் பெல்ட் வளையத்துக்குள் இருப்பதுதான் பின் சஸ்பென்ஷன். நீளவாக்கில் இரண்டு அலுமினியத் தண்டவாளங்கள், அவற்றின் அடியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் பட்டை. பெல்ட் அந்தப் பட்டையை உரசி வழுக்கிக்கொண்டே சுற்றும். தண்டவாளத்தை வண்டியின் உடலோடு சேர்ப்பவை முன்கை, பின்கை என்ற இரண்டு கைகள். இரண்டுக்கும் ஷாக் அப்சார்பர் உண்டு. முன்கை அளவுக்கு மீறித் தொங்காமல் ஒரு நாடா கட்டியிருப்பார்கள். அந்த நாடாவைக் கொஞ்சம் இறுக்கினால் முன் பலகைகள் பனியோடு ஒட்டி நிற்கும். தளர்த்தினால் ஆக்சிலரேட்டர் கொடுத்தவுடன் முன்பக்கம் எழும். எடையை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கு ஒரு துண்டு நாடா போதுமானதாக இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பனி வண்டியின் ரப்பர் பெல்ட்டை ஸ்ப்ராக்கெட் என்ற பல் சக்கரம் கடித்து இழுக்கும் ஓர் அமைப்புக்கு ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1937-ல் காப்புரிமை பெற்றார். கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காரர். 1934 குளிர்காலத்தில், பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் தன் சிறு மகனைப் பறிகொடுத்தவர். வெள்ளக் காலத்தில் சாலை துண்டிக்கப்பட்டு நோயாளியோடு தவித்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வேதனையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, உங்கள் தம்பி சொல்லும் புதுமை. மலைச்சரிவில் குறுக்காகப் போகும்போது ஓட்டுபவர் வண்டியை ஒருக்களித்து, பெல்ட்டின் ஒரு விளிம்பில் நிறுத்தியபடி ஓட்ட வேண்டும். விறைப்பான இரண்டு தண்டவாளங்கள் இதற்கு முரண்டு பிடிக்கும். ஸ்கி-டூ என்ற பனி வண்டி பிராண்டு 2013 மாடலில் பின்கையில் ஒரு பந்து மூட்டு வைத்து, தண்டவாளம் பக்கவாட்டில் சாய வழிசெய்தது. அதன் போட்டியாளரான ஆர்க்டிக் கேட் 2019 மாடலில் ஒரு படி மேலே போய், நடுவில் ஒற்றைத் தண்டவாளம் மட்டும் வைத்தது. அதற்கு ஆல்ஃபா ஒன் என்று பெயர். பெல்ட் நடுவில் ஊன்றிக்கொள்ள, இரண்டு விளிம்புகளும் வளைந்து கொடுக்கின்றன. ஓட்டுபவர் லேசாக உடம்பைச் சாய்த்தாலே வண்டி சாய்கிறது. அருமையான வேலைப்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அது வண்டியை எளிதாகச் சாய்ப்பதற்காகச் செய்தது. புதையாமல் காப்பது அதன் முதல் வேலை அல்ல. நெல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, முன்னால் கத்தியை மட்டமாகப் பிடித்து ஓட வேண்டிய அறுவடை வண்டி பக்கவாட்டில் சாய்வது உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொரு தடையும் உண்டு. அந்தப் பிளாஸ்டிக் பட்டைக்குக் கிரீஸ், ஆயில் எதுவும் கிடையாது; பனிதான் மசகு, பனிதான் குளிர்ச்சி. தூள் பனி இல்லாத கெட்டிப் பாதையில் ஓட்டினால் அவர்கள் நாட்டிலேயே பட்டை சூடேறி உருகும். அதனால் தரையைச் சுரண்டித் தண்டவாளத்தின்மேல் பனித்தூளை வாரியடிக்கும் கம்பிகளை மாட்டிக்கொள்கிறார்கள். நம் வயலில் அந்த இடத்தில் களியும் நுண்மணலும் வைக்கோலும் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு அறுவடைப் பருவம்கூட அந்தப் பட்டை தாங்காது. சுழலும் ரோலர்தான் சேற்றுக்கு ஏற்றது. உங்கள் வண்டியில் இருப்பதும் அதுதான்.

அப்படியானால் பனியில் அது எப்படிப் புதையாமல் போகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுபவரோடு சேர்த்து 300 கிலோ, பெல்ட் 38 செ.மீ. அகலம், பனியில் படியும் நீளம் 140 செ.மீ. என்று வையுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.06 கிலோகூட வராது. உங்கள் வண்டியை 3,000 கிலோ, இரண்டு பெல்ட், ஒவ்வொன்றும் 45 செ.மீ. அகலம், தரையில் படியும் நீளம் 160 செ.மீ. என்று கொள்வோம். 0.21 கிலோ வருகிறது. கிட்டத்தட்ட நான்கு மடங்கு. எந்த ஸ்பிரிங்கும் இந்த எடையைக் குறைக்காது. தன் எடையையும் அல்லவா சேர்க்கும்!

இது சராசரிதான். வண்டியைப் புதைப்பது சராசரி அல்ல. எடையின் மையம் பெல்ட்டின் நடுவிலிருந்து, படியும் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 27 செ.மீ. பின்னால் நகர்ந்தால், முன் முனையில் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய், பின் முனையில் இரண்டு மடங்காகும். 0.21 இருந்த இடத்தில் 0.42. பின்பக்கம் இறங்கும், இறங்கியதும் வண்டி அண்ணாந்து, எடை இன்னும் பின்னால் சாயும், இன்னும் இறங்கும். உங்களுக்கு மூன்று முறையும் நடந்தது இதுதான் என்பது என் கணிப்பு. வீடியோவில் பெல்ட்டின் முன் முனை பனிக்குள் முட்டாமல், தாழ்ந்த சரிவோடு பனிமேல் ஏறிப் படிவதைப் பாருங்கள். அந்த நாடாவும் இரண்டு கைகளும் காப்பாற்றுவது அந்தக் கோணத்தைத்தான். உங்கள் வண்டியில் அதைக் காப்பாற்ற வெல்டிங் வேண்டாம்.

2023 பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தவறிய மழையில் டெல்டா முழுக்கச் சம்பாக் கதிர் சாய்ந்து கிடந்ததே, அந்த வாரம் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு வயலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வண்டி இடது பின்புறம் மட்டும் அமுங்கியிருந்தது. மண்டியிட்டு, பெல்ட்டுக்குள் அப்பியிருந்த களியைக் கையால் வழித்துத் தள்ளினேன். மற்ற ரோலர்கள் கையால் தள்ளினால் அசைந்தன. கடைசி ரோலர் அசையவில்லை. ஆயில் சீல் கிழிந்து, பியரிங்குக்குள் சேறு போய் இறுகிவிட்டிருந்தது. சுற்றாமல் இழுபட்டதில் அதன் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, என் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடிபோல் மின்னியது. தேய்ந்த அளவுக்குப் பெல்ட்டின் வால் பகுதியில் தாங்கல் இல்லை. ஓட்டுநர் பாவம், வயலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே முதல் செலவு ரோலருக்கு. வண்டியை ஜாக்கியில் தூக்கி, பெல்ட்டைத் தளர்த்தி, ஒவ்வொரு ரோலரையும் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரப்பு கேட்டாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ, சீல் ஓரம் எண்ணெய் கசிந்தாலோ மாற்றுங்கள். பெல்ட்டின் தொய்வைக் கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். தளர்ந்தால் திரும்பும்போது கழன்றுகொள்ளும், மிகையாக இறுக்கினால் பியரிங்கைத் தின்னும். பெல்ட்டின் பல் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் மழைக்காலத்துக்கு அது உதவாது. உங்கள் மாடலுக்கு அகலம் கூடிய பெல்ட் கிடைக்குமா என்று டீலரிடம் கேளுங்கள். கிடைத்தால், அழுத்தத்தை உண்மையிலேயே குறைக்கும் ஒரே மாற்றம் அதுதான்.

நெல் தொட்டியை ஈர வயலில் ஒருபோதும் நிரப்பாதீர்கள். பாதியானதும் கொட்டிவிடுங்கள். இரண்டு நடை கூடும், டீசல் கூடும். டிராக்டர் கட்டி இழுக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. வரப்பு மூலைகளைக் கையால் அறுக்கச் சொல்லி, அகலமாக வளைத்துத் திருப்புங்கள். ஒரு பெல்ட்டை நிறுத்தி மறு பெல்ட்டைச் சுழற்றினால், நின்ற பெல்ட் அங்கேயே குழி தோண்டும். ஒரே தடத்தில் இரண்டாம் முறை போகாதீர்கள். கலங்கிய களி, கலங்காத களியைப்போல் தாங்காது.

வயலுக்குள் இறங்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களே நடந்து பாருங்கள். 65 கிலோ எடையுள்ள ஆள் ஒற்றைக் காலில் நின்றால், பாதம் 150 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டாலும் 0.43 கிலோ அழுத்தம் வருகிறது. பின்கனம் ஏறிய பெல்ட்டின் வால் முனைக்கு ஏறக்குறைய அதே அளவு. கணுக்காலோடு நின்று அடியில் கெட்டித்தரை தட்டுப்பட்டால் ஓட்டலாம். தட்டுப்படாமல் கால் இறங்கிக்கொண்டே போனாலோ, வண்டியின் அடிவயிற்று உயரத்தைவிட ஆழத்தில் தட்டுப்பட்டாலோ, எவ்வளவு வற்புறுத்தினாலும் இறக்காதீர்கள். பெல்ட் அகலமானது, அதன் பாரம் காலைவிட ஆழம் வரை போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே வடிகால் வெட்டித் தண்ணீரை வடிக்கச் சொல்வது விவசாயிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி உட்கார்ந்தால், அந்த நொடியே ஆக்சிலரேட்டரை விடுங்கள். பெல்ட்டைச் சுழற்றச் சுழற்றக் குழிதான் ஆழமாகும். தொட்டியில் இருக்கும் நெல்லை முதலில் தார்ப்பாயில் கொட்டுங்கள். பெல்ட்டின் பின்னால் களியை வெட்டிச் சரிவாக்கி, வைக்கோல் கட்டுகளைத் திணித்து, வந்த தடத்திலேயே நேர் பின்னால் இழுங்கள். சங்கிலியை அடிச்சட்டத்தின் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். இழுக்கும்போது சங்கிலிக்கு நேராகவோ அருகிலோ யாரையும் நிற்கவிடாதீர்கள், வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை வரப்புக்கு அப்பால் அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள்.