குகேஷ் டிங் லிரனை வென்றது எண்ட்கேம் திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா?

கேள்வி இதுதான்: 2024 உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் ஒரு தப்பு செய்ததால்தானே குகேஷ் ஜெயித்தார், இதைப் போய் எண்ட்கேம் (காய்கள் குறைந்த பிறகு வரும் கடைசிக் கட்டம்) திறமை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

தப்பு டிங்குடையதுதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்தத் தப்பு வந்தது 55வது மூவில். ராணிகள் 30வது மூவிலேயே பலகையை விட்டுப் போய்விட்டன. நடுவில் ஆடப்பட்டதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை, எனக்கு அந்த நடுப்பகுதிதான் ஆட்டமே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை. படிக்கிற காலத்தில் கொஞ்சம் டோர்னமெண்ட் ஆடினேன், இப்போது அம்பத்தூர் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். டிசம்பர் 12 அன்று சென்னையில் மழை. சிங்கப்பூரில் ஆட்டம் நம் நேரத்துக்கு மதியம் இரண்டரைக்கு ஆரம்பித்தது. 6.5–6.5 என்று சமமாக நிற்கிற மேட்ச், பதினான்காவது ஆட்டம், குகேஷ் கறுப்பு. ராணிகள் போன பிறகு ஆளுக்கு ஒரு பிஷப், கொஞ்ச நேரத்தில் ஆளுக்கு ஒரு யானை. குகேஷிடம் மூன்று சிப்பாய், டிங்கிடம் இரண்டு, எல்லாம் பலகையின் ஒரே பக்கத்தில். இஞ்சினைக் கேட்டால், அதாவது செஸ் கணிக்கிற கம்ப்யூட்டர் புரோகிராமைக் கேட்டால், டிரா என்று சொல்லும். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் எல்லாரும் 'டிராதான், நாளைக்கு ரேபிட் டைபிரேக்' (சமனை முறிக்கிற வேக ஆட்டங்கள்) என்று எழுதிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

போகாதவர் குகேஷ் ஒருவர்தான்.

இந்த மாதிரி நிலையில் ஒரு சிப்பாய் அதிகம் வைத்திருப்பவர் தோற்பதற்கு வழியே இல்லை என்று சொல்லலாம். குறைவாக வைத்திருப்பவர் ஒவ்வொரு மூவிலும் சரியானதைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வட்டிக்காரன் வாசலில் வந்து உட்கார்ந்த மாதிரி, அவனுக்கு அவசரமில்லை, பதில் சொல்ல வேண்டியவன் வீட்டுக்குள் இருப்பவன்தான். (கட்டங்களின் பெயர் தெரியாதவர்களுக்கு: வெள்ளைப் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலம் ஏ முதல் எச் வரை, கீழிருந்து மேல் 1 முதல் 8 வரை.) குகேஷ் ஜி சிப்பாயைத் தள்ளினார், எச் சிப்பாயைத் தள்ளினார், ராஜாவை மெதுவாக எச்6 வழியாக ஜி5 வரை கொண்டுவந்தார். ஒரு ஜோடி சிப்பாய் மாற்றம் நடந்து இப்போது இரண்டுக்கு ஒன்று. யானையை இந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பார்க்கிறவர்களுக்குச் சும்மா ஆட்டுகிற மாதிரிதான் இருந்திருக்கும். எதிரில் இருப்பவருக்கு அப்படி இருக்காது. 40வது மூவுக்குப் பிறகு கொடுக்கிற கூடுதல் அரை மணி நேரம், மூவுக்கு 30 வினாடி இன்கிரிமென்ட், இவ்வளவுதான் மிச்சம், அதற்கு மேல் இரண்டரை வாரமாக ஆடி ஆடி வந்த களைப்பு வேறு. டிங்கின் கடிகாரம் கரைந்துகொண்டே போனது, குகேஷிடம் நேரம் தாராளமாக இருந்தது.

இனி கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். 52வது மூவில் குகேஷ் யானையை பி2-வில் வைத்தார். அது பி7-ல் நின்ற டிங்கின் பிஷப்பைத் தாக்கியது. டிங் பிஷப்பை ஏ8-க்கு, அதாவது ஒரேயடியாக மூலைக்கு, கொண்டுபோய்விட்டார். அப்போது அது ஆபத்தாகத் தெரியவில்லை, மூலையிலிருந்தும் அந்த நீண்ட குறுக்குக் கோடு முழுவதும் அதன் கண்ணில்தான் இருக்கிறது. அப்புறம் குகேஷின் ராஜா எஃப்6, அடுத்து இ5. அங்கே வந்து எஃப்4-ல் இருந்த வெள்ளை யானையைத் தாக்குகிறது. யானை எங்காவது போயாக வேண்டும். ஏ4-க்குத் திரும்பிப் போயிருந்தால் ஆட்டம் இன்னும் இழுத்திருக்கும், டிராவும் ஆகியிருக்கும். டிங் எஃப்2-க்குப் போனார். யானைகளை மாற்றிவிட்டால் டிரா இன்னும் பக்கத்தில் வரும் என்ற நினைப்பு. மேட்ச் முழுக்கவே சிக்கலான நிலைகளில் அவர் அப்படித்தான் காய்களைக் குறைத்துக்கொண்டு வந்தார்.

யானைகள் மாறின. உடனே குகேஷ் பிஷப்பை டி5-ல் வைத்தார். இப்போது பாருங்கள், மூலையில் நிற்கிற பிஷப்புக்குப் போக ஒரே ஒரு கோடுதான், அந்தக் கோட்டின் நடுவில் எதிராளியின் பிஷப் ராஜாவின் துணையோடு உட்கார்ந்திருக்கிறது. ஓட இடமே இல்லை, மாற்றியே ஆக வேண்டும். பிஷப்பும் போனால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாயும் மட்டும் உள்ள எண்ட்கேம், அதில் கறுப்பு ஜெயிக்கும். பிஷப் பலகையின் நடுவில் எங்காவது இருந்திருந்தால் வேறொரு கோட்டில் நழுவியிருக்கும், இந்த யானை மாற்றம் பெரிய விஷயமே ஆகியிருக்காது. அதை மூலைக்குத் துரத்தியது யார்? அந்த யானையை எஃப்4-லிருந்து கிளப்பியது யார்? இரண்டும் குகேஷ் கேட்ட கேள்விகள். 'ஒரே மூவில் வந்த பிழை' என்று சொல்பவர்களிடம் நான் காட்டுவது இந்த இடத்தைத்தான். முன்னாள் சாம்பியன் கிராம்னிக்கூட இதைக் குழந்தைத்தனமான பிழை என்கிற மாதிரி எழுதினார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரோடு வாதாட எனக்குத் தகுதி இல்லைதான், இருந்தாலும் இதில் நான் அவர் பக்கம் இல்லை.

இன்னொன்று. யானை எஃப்2-க்கு வந்ததும் தனக்கே அது பிழை என்று முதலில் தெரியவில்லை, யானையை பி3-க்கு நகர்த்தத்தான் இருந்தேன் என்று குகேஷே பிறகு சொன்னார். நேரம் இருந்தும் பழக்கத்தில் கையை நீட்டியிருந்தால் போயிருக்கும். நின்று பார்த்தார், பிஷப் மாட்டுவது தெரிந்தது, சிப்பாய் எண்ட்கேமை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் யானையை வெட்டினார்.

அந்தக் கடைசி நிலையை நான் வகுப்பில் வைத்துக் காட்டுவதுண்டு, நீங்களும் பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா இ3, சிப்பாய் ஜி3. கறுப்பு ராஜா இ5, சிப்பாய்கள் எஃப்5, ஜி4. வெள்ளையின் மூவ். டிங் இங்கேதான் தோல்வியை ஒத்துக்கொண்டு கை கொடுத்தார். ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கின்றன, ஆப்போசிஷன் (ராஜாக்கள் இப்படி நிற்கும்போது நகர வேண்டியது எதிராளியாக இருக்கிற சாதகம்) கறுப்பிடம், வெள்ளை ராஜா ஏதாவது ஒரு பக்கம் விலகியாக வேண்டும். டி3-க்குப் போனால் கறுப்பு உடனே எஃப்4 தள்ளும், வெட்டு மறுவெட்டுக்குப் பிறகு கறுப்பு ராஜா ஜி3-க்குள் புகுந்து சிப்பாயை ராணியாக்கிவிடும். எஃப்2-க்குப் பின்வாங்கினால்? பிள்ளைகள் அத்தனை பேரும் ஆசையாக ராஜாவை இ4-க்குக் கொண்டுபோவார்கள். வெள்ளை இ2-ல் வந்து நிற்கும், ஆப்போசிஷன் கைமாறிவிடும், அப்புறம் முட்டி மோதினாலும் உள்ளே போக முடியாது. சரியான மூவ் டி4. நேராகப் போகாமல் பக்கத்தில் ஒதுங்கி, வெள்ளை இ2-க்கு வந்ததும் இ4. இப்போது விலக வேண்டியது மறுபடியும் வெள்ளைதான். உலக சாம்பியன்ஷிப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இதை மனசுக்குள்ளேயே எண்ணி முடித்திருக்க வேண்டும், அதுவும் 18 வயதில். அவருக்கு முன்னால் இளம் சாம்பியன் என்ற பெயர் காஸ்பரோவுக்கு, 1985-ல், 22 வயதில்.

இதே சென்னையில் இதே கதை ஒரு தடவை தலைகீழாக நடந்திருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். 2013 நவம்பர், தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சி. நம் ஆனந்த் சாம்பியன், எதிரில் நோர்வேயின் 22 வயது கார்ல்சன். முதல் நான்கு ஆட்டம் டிரா. ஐந்தாவதும் ஆறாவதும் அடுத்தடுத்த நாள், இரண்டிலும் எண்ட்கேம், இரண்டிலும் கவனமாக ஆடினால் டிரா ஆகிற நிலை. கார்ல்சன் விடவே இல்லை. சின்னச் சின்னதாக நெருக்கிக்கொண்டே போனார், ஆனந்த் ஏதோ ஒரு இடத்தில் சறுக்கினார், இரண்டும் தோல்வி. மேட்ச் 6.5–3.5 என்று முடிந்துவிட்டது. அப்போது ஊரில் எல்லாரும் என்ன பேசினோம்? 'ஆனந்த் தப்பு பண்ணிட்டாரு' என்றுதான். அந்தத் தப்பை வரவழைத்தவன் எதிரில் உட்கார்ந்திருந்த பையன் என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. அந்த மேட்ச்சைப் பார்க்க வந்த சின்னப் பிள்ளைகளில் ஏழு வயது குகேஷும் ஒருவர். நோர்வேக்காரனிடமிருந்து சென்னை கற்றுக்கொண்ட பாடம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கற்றுக்கொண்டோமா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஏன் என்றால், இங்கே வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி 'சார், எந்த ஓப்பனிங் சொல்லித் தருவீங்க?' இரண்டாவது கேள்வி 'ரேட்டிங் எப்ப வரும்?' எண்ட்கேம் வகுப்பு என்று போட்டால் அன்றைக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். பிள்ளைகளைச் சொல்லியும் குற்றமில்லை, அவர்கள் ஆடுகிற ஆட்டம் பெரும்பாலும் எண்ட்கேம் வருவதற்கு முன்னாலேயே யாராவது ராணியைத் தொலைத்து முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு இஞ்சின். நிலை 0.0, அதாவது இரண்டு பேரும் சமம், என்று திரையில் பார்த்த உடனே டிராவுக்குக் கை நீட்டுகிறார்கள். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா சின்ன வயதில் அவரை இஞ்சின் பக்கமே விடாமல் வைத்திருந்தார். அதற்கும் சிங்கப்பூரில் நடந்ததற்கும் தொடர்பு உண்டு என்று நான் நம்புகிறேன். 0.0 என்று சொல்லிப் பழக்காத பையனுக்கு அது இன்னும் ஆட வேண்டிய நிலைதான்.

சின்ன அளவில் இதை நேரிலும் பார்த்திருக்கிறேன். வில்லிவாக்கம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓப்பன் டோர்னமெண்ட். எங்கள் வகுப்புப் பையன் இல்லை, யாரோ ஒரு பொடியன், பத்து வயதுக்கு மேல் இருக்காது. எதிரில் போன வருஷம் அதே போட்டியில் முதல் பரிசு வாங்கியவர், நாற்பதைத் தாண்டியவர். மற்ற மேஜை எல்லாம் காலி, பந்திக் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். பையனிடம் யானையும் ஒரு சிப்பாயும், பெரியவரிடம் வெறும் யானை. பையனின் சிப்பாய் ஏழாவது வரிசையில், அதற்கு முன்னால் எட்டாவது வரிசையில் அவன் ராஜாவே வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வெளியே வந்தால் செக், உள்ளே போனால் அடைப்பு. பெரியவர் சிரித்துக்கொண்டே 'தம்பி, டிரா?' என்றார். அவன் தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றான். அப்புறம் யானையை எடுத்து நாலாவது வரிசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் முட்டி போட்டு எழுந்து கடிகாரத்தைத் தட்டினான். லூசேனா நிலை என்பார்கள், பாலம் கட்டுவது என்பார்கள், புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். ராஜா வெளியே வந்து செக்குகளைத் தாங்கிக்கொண்டு ஜி5 வரை இறங்கி வந்ததும், நாலாவது வரிசையில் காத்திருந்த யானை குறுக்கே வந்து மறைத்துக்கொண்டது. இனி செக் இல்லை. அந்த யானை அங்கே போனதுமே பெரியவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது, அவருக்கும் அந்த வித்தை தெரியும், இந்தப் பொடியனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார். மரியாதையாகக் கை கொடுத்துவிட்டு எழுந்தார்.

அவரும் அதற்கு முன்னால் எங்கோ பிழை செய்துதான் அந்த நிலைக்கு வந்திருப்பார். எதிராளி பிழையே செய்யாமல் செஸ்ஸில் யாரும் ஜெயிக்க முடியாது, இரண்டு பேரும் சரியாக ஆடினால் டிரா, அவ்வளவுதான். அதனால் 'எதிராளி தப்பு செய்ததால் ஜெயித்தான்' என்பது எந்த வெற்றிக்கும் பொருந்தும் வாக்கியம், ஆனந்த் ஜெயித்ததற்கும் பொருந்தும், கார்ல்சன் ஜெயித்ததற்கும் பொருந்தும்.

அதிர்ஷ்டமே கிடையாது என்றும் சொல்ல மாட்டேன். 2025 ஜூன் முதல் தேதி நோர்வேயின் ஸ்டாவங்கரில் குகேஷ் கார்ல்சனை வென்றாரே, கார்ல்சன் மேஜையைக் குத்திய அந்த ஆட்டம், அதில் பெரும்பகுதி நேரம் கார்ல்சன்தான் மேலே இருந்தார். குகேஷ் மோசமான நிலையில் விடாப்பிடியாகத் தொங்கிக்கொண்டிருந்தார், கடைசியில் இருவருக்கும் நேரம் இல்லாத நெருக்கடியில் கார்ல்சன் குதிரையைத் தப்பான இடத்தில் வைத்தார். அன்றைக்குத் தனக்கு அதிர்ஷ்டம் என்று குகேஷே ஒத்துக்கொண்டார். உங்கள் கேள்வியை அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் பாதிக்கு மேல் தலையாட்டியிருப்பேன். சிங்கப்பூர் ஆட்டத்துக்கு முடியாது.