நூறு குழி, ரெண்டு கணக்கு

கேள்வி: பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் ஆறு பேர் நாங்கள். எல்லோருக்கும் 75 தாண்டிவிட்டது. சொந்த ஊர் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். சாயங்காலமானால் போனில் ஊர் நடப்பு, திருவிழா, விவசாயம், சாப்பாடு என்று பேசுவோம். அதையெல்லாம் எழுதித் தொகுத்து, மாதிரிக்குப் பன்னிரண்டு பக்கம் அனுப்பியிருக்கிறோம். தொடராகப் போடுவீர்களா?
– வாசகர், கும்பகோணம் வட்டம்

பதில்: இப்படியே என்றால் போட மாட்டேன். பன்னிரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒருவர் "அது பொற்காலம்" என்று ஆரம்பிக்கிறார். மற்ற ஐந்து பேரும் "ஆமாம்ப்பா" என்கிறார்கள். ஆமாம் போடுவதைக் காசு கொடுத்துப் படிக்க வேண்டிய தலையெழுத்து வாசகருக்கு இல்லை. ஆனால் ஏழாம் பக்கத்தில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டீர்களே, அதை ஏன் நாலே வரியில் மூடினீர்கள்? விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நிலத்தை அளக்கும் கணக்கில் நூறு குழி ஒரு மா என்கிறார் ஒருவர். செங்கல்பட்டுப் பக்கம் சம்பந்தம் செய்தவர், நூறு குழி ஒரு காணி என்கிறார். "விடுங்கப்பா, ஊருக்கு ஊர் ஒரு வழக்கம்" என்று மூன்றாமவர் பஞ்சாயத்தை முடித்துவிட்டார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். நிலம் அளக்கும் கோல்தான் வேறு. தஞ்சைக் குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. செங்கல்பட்டுக் குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. கோலின் நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்காகும். அதனால் தஞ்சையில் நூறு குழி 14,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 33 சென்ட், ஒரு மா. அங்கே நூறு குழி 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர், ஒரு காணி. 20 மா சேர்ந்தால் ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர்.

பழைய பத்திரத்தில் 'குழி' என்று பார்த்ததும் இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு கணக்கைப் போட்டு, தாத்தா சொத்தை நாலு மடங்காக்கிக்கொள்ளும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். (கால் பங்காகக் குறைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, அவர்கள் சத்தம் போடுவதில்லை.) உங்கள் சண்டையை முழுசாக எழுதியிருந்தால் அவர்களுக்கு உதவியிருக்கும். எழுதும்போது ஏக்கராக மாற்றிவிடாதீர்கள். பேச்சில் வந்த அளவை அப்படியே வைத்து, எந்தப் பக்கத்துக் குழி என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

அடுத்தது நெல்லும் அதை அளக்கும் மரக்காலும். "அறுவடையில் மரக்கால் மரக்காலாக அள்ளிக் கொடுத்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி அளந்து கொடுத்தார்கள்? தலை தட்டியா, குவித்தா? தலை தட்டினால் விளிம்போடு சரி. குவித்தால் மேலே ஒரு கூம்பு நிற்கும். வாய் அகன்ற மரக்காலில் அந்தக் கூம்பு பெரிசு, வாய் குறுகியதில் சிறிசு. தலை தட்டினால் சமமாக இருக்கும் இரண்டு மரக்கால்கள், குவித்து அளக்கும்போது சமமில்லை. வாங்கும்போது ஒரு மாதிரி, கூலி கொடுக்கும்போது ஒரு மாதிரி அளந்த களங்கள் எத்தனையோ. உங்கள் களத்தில் எப்படி? மரக்கால் யார் வீட்டுடையது? அளந்த கை யாருடையது? முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று தொடங்கினார்கள் என்று ஒருவர் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காக அவருக்கு என் நன்றி. மற்றவர்கள் அதையும் பேச்சு சுவாரஸ்யத்தில் தாண்டிப் போய்விட்டீர்கள். மேற்கொண்டு எப்படி எண்ணினார்கள், எத்தனைக்கு ஒரு தரம் தரையில் அடையாளம் வைத்தார்கள் என்று அவரிடமே கேளுங்கள். ஒரு மரக்கால் ஒரு குறுணி, இரண்டு மரக்கால் ஒரு பதக்கு, நாலு மரக்கால் ஒரு தூணி, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இந்த வாய்பாடு புத்தகத்தில் கிடைக்கும். உங்கள் ஊரில் ஆள் ஒன்றுக்கு நாள் கூலி பதக்கா, குறுணியா, அதற்கும் கீழா என்பது உங்களைப் போன்றவர்களிடம்தான் கிடைக்கும்.

கூலிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். "ஊரே ஒரு தாய் பிள்ளைகளாக இருந்தோம்" என்ற வரியை அடித்துவிட்டேன். நீங்கள் எழுதும் அதே 1960-களில், அதே பழைய தஞ்சை மாவட்டத்தில்தான் கீழ்வெண்மணி இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அப்போது உங்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. உங்கள் ஊரில் அன்று என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒரு சொல் இல்லையே? ஆறு பேரும் ஒரே தெருக்காரர்கள் என்று படித்தாலே தெரிகிறது. குளத்தில் எந்தப் படித்துறை யாருக்கு, தேர் எந்தத் தெருவுக்குள் வராமல் திரும்பியது என்று அடுத்த தெருக்காரர் சொல்வார். ஏழாவது ஆளாக அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சண்டைக்குப் பஞ்சம் இருக்காது.

காப்பரிசிக்கு வருவோம். பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றங்கரையில் தின்ற காப்பரிசியின் ருசியைப் பற்றி ஒன்றரைப் பக்கம். செய்முறை ஒரு வரிகூட இல்லை. தின்றவர்கள் எழுதியிருக்கிறீர்கள், செய்தவர்களைக் கேட்கவில்லை. பெருக்குக்குச் செய்வது பெரும்பாலும் ஊறவைத்த காப்பரிசி. கால் கிலோ பச்சரிசியை ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக விட வேண்டும். கையில் அள்ளினால் உதிர வேண்டும், ஒட்டக் கூடாது. பிறகுதான் பொடித்த வெல்லம், தேங்காய்ப் பல், பொட்டுக்கடலை, எள், ஏலக்காய். ஈரத்தோடு வெல்லம் போட்டால் வெல்லம் இளகித் தண்ணீர் விட்டு, சாயங்காலத்துக்குள் புளித்துப் போகும். ஊறல் போதாவிட்டால் பல்லுக்கு அரிசி. அளவு மீறினால் மாவு. குழந்தைக்குக் காப்பு போடும்போது செய்வது வேறு: அரிசியை வறுத்து வெல்லப்பாகில் கிளறுவார்கள். ஈரம் இல்லாததால் சில நாள் தாங்கும். உங்களில் ஒருவர் "கடக் கடக்கென்று இருக்கும்" என்கிறார், இன்னொருவர் "மெத்தென்று இருக்கும்" என்கிறார். ஒருவர் தொட்டிலுக்கும் மற்றவர் ஆற்றுக்கும் போயிருக்கலாம். வீட்டில் அக்காவோ அண்ணியோ இருந்தால் போனை அவர்களிடம் கொடுங்கள்.

தேதிகள் மோசம். 1955-இல் 5 நயா பைசாவுக்குக் கடலை மிட்டாய் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். நயா பைசா வந்ததே 1957 ஏப்ரல் 1-இல். அதற்கு முன்பு அணா. ஆக, விலை சரியென்றால் வருஷம் தப்பு. வருஷம் நினைவில்லாவிட்டால் பக்கத்தில் நடந்ததைப் பிடியுங்கள்: 1977 நவம்பர் புயலுக்கு முன்னா பின்னா? 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுக்கு முன்னா பின்னா? "வருஷா வருஷம் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும், தவறாது" என்பதும் நிற்காது. அது வழக்கமான தேதி. நீர் இருப்பு இல்லாமல் பல ஆண்டுகள் தள்ளிப் போயிருக்கிறது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள் ஆகும். உங்கள் வாய்க்காலுக்கு எப்போது வந்தது, முறை வைத்துப் பாய்ச்சியது யார் என்பது எனக்குப் போதும்.

எழுதும் விதம்: ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசும் அழைப்பைப் பதிவு செய்து எழுத முடியாது, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். ஒரு நாளைக்கு ஒருவர், ஒரே விஷயம், இருபது நிமிஷம். மின்விசிறியை அணைத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். மறுநாளுக்குள் எழுதிவிடுங்கள். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். "அப்போ எப்படி இருந்தது?" என்று கேட்டால் பொற்காலம்தான் வரும், "கையில் என்ன வைத்திருந்தே, யார் கொடுத்தா, எவ்வளவு?" என்று கேளுங்கள். பிறகு எழுதியதை மற்ற ஐந்து பேருக்கும் அனுப்பி, தப்பு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மறுப்பை அழிக்காமல் அடியிலேயே சேருங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயர், பாகப்பிரிவினைத் தகராறு வந்தால் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

குழிச் சண்டையையும் மரக்காலையும் மட்டும் இரண்டு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். மரக்கால் யார் வீட்டிலாவது பரணில் கிடந்தால் வாய் அகலம், உயரம் அளந்து, பக்கத்தில் அடிக்குச்சி வைத்துப் படமெடுத்து இணையுங்கள். அந்த இரண்டு பக்கம் தேறினால் தொடரைப் பற்றிப் பேசலாம்.